கோமதி நன்றி சொல்லவில்லை

கோமதி இறந்துவிட்ட செய்தி எனக்குக் குரலாக வந்தது. வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த குரல்பதிவைக் காதில் வைத்தேன். செயலாளர் வேங்கடேசன் பேசியிருந்தார். சாந்த்ராகாச்சி கோமதி காலையில் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார், தகனம் மாலையில், முடிந்தவர்கள் வாருங்கள் என்று தழுதழுத்த குரலில் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் பலருடைய குரல்கள். எல்லாமே உண்மையான வருத்தம். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்குக் கண் தெரியாது. ஆகவே குரலில் வருவது எனக்குச் சௌகரியம்தான். ஆனால் கோமதிக்குக் காது கேட்காது. அந்தக் குழுவில் அவளைப் போலவே காது கேளாத அவளுடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். குரல்பதிவு வந்தால் ஒரு முக்கோணமும் சில கோடுகளும்தான் தெரியும் என்று அவள் சொல்வாள். தங்கள் தோழி செத்துப்போனது அந்த மதியம் அவர்களுக்கு முக்கோணமாகவும் கோடுகளாகவும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

டிபன் பாக்ஸை மூடினேன். கணினி முன் உட்கார்ந்து மடற்குழுவுக்கு எழுதினேன். மடலின் தலைப்பைப் படித்தாலே விஷயம் தெரிய வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். ‘முக்கியம்’ என்றோ ‘அவசரம்’ என்றோ தலைப்புப் போட்டு வந்த மடல்களை அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். ‘கோமதி இன்று காலை இறந்துவிட்டாள், மாலையில் தகனம்’ என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினேன். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

மடற்குழு என்பது இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு ஒருவர் எழுதினால் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும். பதிலும் அப்படியே. எல்லா மடல்களும் ஓர் இணையப்பக்கத்தில் சேர்ந்துகொண்டே வரும். இதைச் செய்யும் மென்பொருளை யாராவது ஒருவர் கட்டி மேய்க்க வேண்டும். வந்தவரைச் சேர்க்க வேண்டும், குப்பையை நிறுத்த வேண்டும், புதுப் பதிப்பு வந்தால் ஏற்ற வேண்டும். இந்த ஊரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, கோல்கத்தாவில் இருக்கும் தமிழர்களுக்காகக் கோமதி இதை நடத்தினாள். பெஹாலாவில் வீடு வாடகைக்குக் கிடைக்குமா, பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, இன்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவை என்று உங்களில் பலர் எழுதிய மடல்கள் அவள் கையைத் தாண்டித்தான் போயிருக்கின்றன.

எனக்கு அவள் அறிமுகமானது சண்டையில். குழுவில் சேர்வதற்காக அந்த இணையப்பக்கத்துக்குப் போனேன். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துத்தான் நான் கணினியில் வேலை செய்கிறேன். அது அந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டியது: “பட்டன், பட்டன், பட்டன்.” எது சேர்வதற்கு, எது விலகுவதற்கு என்று எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. கடைசியில் ஒரு படம். அதில் கோணல்மாணலாக இருக்கும் எழுத்துகளைத் தட்டிவிட்டு, நான் இயந்திரம் இல்லை, மனுஷிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். மனுஷி என்று நிரூபிக்க எனக்குக் கண் வேண்டியிருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு போன் நம்பர் இருந்தது. அன்று மதியம் முழுக்க விட்டு விட்டு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. பொது வேலைக்கு வந்துவிட்டுப் போனைக்கூட எடுக்காத திமிர் எதற்கு என்று காட்டமாக ஒரு மடல் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. “நீங்கள் போன் செய்தது எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேட்காது. அந்த நம்பரைப் போடச் சொன்னது சங்கத்து ஆபீஸ். இப்போது எடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு எழுதுவதற்குள் ஒரு பட்டனைச் சரிசெய்துவிடலாம். எந்தப் பட்டன் என்று சொல்லுங்கள்.”

அடுத்த சனிக்கிழமை அவளுடைய ஆபீசுக்குப் போனேன். நான் கணினியில் ஏதோ தட்டிக் கேட்க, அவள் வாயைத் திறந்து பதில் சொன்னாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. காய்ச்சல் வந்து காது போனபோது அவளுக்கு ஏழு வயது. அப்போது திருநெல்வேலியிலிருந்து சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடும்பம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதனால் ஏழு வயதுப் பிள்ளை பேசிய திருநெல்வேலித் தமிழ் அவள் நாக்கில் அப்படியே நின்றுவிட்டது. கூடப் பிறந்த அண்ணன் பேச்சில் வங்காளமும் இந்தியும் கலந்துவிட்டன. அவள் மட்டும் கடைசிவரை “செய்யுதேன், சொல்லுதேன்” என்றே பேசினாள். குரல் ஏறி இறங்குவது அவளுக்குத் தெரியாது. சில எழுத்துகள் மழுங்கிப்போகும். சில சனிக்கிழமைகள் போனதும் எனக்கு அந்தப் பேச்சு முழுக்கப் பழகிவிட்டது.

அவள் வாயால் பேசுவாள். நான் அவளுடைய விசைப்பலகையில் தட்டிப் பதில் சொல்வேன், அவள் திரையில் படித்துக்கொள்வாள். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் உடனே ஒரு சித்திரம் வரைவார்கள்: ஒருத்தி கண், ஒருத்தி காது, இருவரும் சேர்ந்து ஒரு முழு ஆள். ஒரு பத்திரிகைக்காரர் இதை அவளிடமே எழுதிக் காட்டினார். அவள் அதைப் படித்துவிட்டு, “நாங்க ரெண்டு பேரும் ரெண்டு முழு ஆளு” என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மடற்குழுவின் பக்கத்தை மாற்றிக் கட்டும் வேலை பல மாதங்கள் நடந்தது. என் மென்பொருள் பேசுவது அவளுக்குக் கேட்காதே, எப்படிச் சரிபார்ப்பாள் என்று நான் யோசித்தேன். அந்த மென்பொருள் பேசுவதையெல்லாம் எழுத்தாகக் காட்டும் ஒரு சின்னச் சாளரம் உண்டு. அதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். மௌஸைக் கழற்றி மேஜை டிராயருக்குள் போட்டாள். விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக நடந்து, என் காதில் என்ன விழும் என்பதை வரி வரியாகப் படித்தாள். “ஏட்டி சரோ, இந்தக் கண்றாவியையா இத்தனை வருஷம் கேட்டுட்டு இருந்த?” என்றாள். ஆமாம் என்று தட்டினேன்.

அந்தக் கோணல் எழுத்துப் படம் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை. படத்துக்குப் பதிலாக ஒலியை வைக்கலாம், சில எண்களைச் சொல்லும், கேட்டுத் தட்டினால் போதும் என்று நான் யோசனை சொன்னேன். பெரிய பெரிய இணையதளங்களில் அப்படித்தான் இருந்தது.

“உனக்குக் கதவைத் தெறந்துவிட்டு எனக்குச் சாத்தணுமா?” என்றாள்.

இரண்டையும் வைத்தால் போயிற்று என்று தட்டினேன். கண்ணும் தெரியாத, காதும் கேட்காத ஆள் வந்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டாள். அப்படி யாரையும் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வாரமே படத்தையும் எடுத்தாள், ஒலியையும் சேர்க்கவில்லை. சேர விரும்புகிறவருக்கு ஒரு மடல் போகும். அதற்கு ஒரு வரி பதில் எழுதினால் போதும். அதைக் கோமதி தானே படித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்வாள். அவளுக்கு வேலை அதிகமானது. “எனக்குத்தான வேலை, அவங்களுக்கு இல்லேல்ல” என்றாள்.

நிறம் பற்றியும் சண்டை போட்டிருக்கிறோம். பக்கத்துக்கு என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரியது, ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது என்று அவள் நாள்கணக்கில் மினுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அலுத்துப்போய், அழகு கிடக்கட்டும், வேலையைப் பார் என்று தட்டினேன். “கண்ணு தெரியுதவங்களும் மனுசங்கதாம்ட்டி” என்றாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒரு வங்காளி சகா எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு கோமதி-தி என்று, வங்காளிகள் அக்காவைக் கூப்பிடும் விதத்தில், கேட்டுவிட்டுப் போனார்.

குழுவை நடத்துவதில் அவள் கறாரானவள். படம் அனுப்பினால், அதில் என்ன இருக்கிறது என்று எழுதினால்தான் உள்ளே விடுவாள். இதற்காக அவளை ஹிட்லர் என்று சொன்னவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே இருக்கிறீர்கள். ஒரு துர்கா பூஜையின்போது நியூ டவுனில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பி பந்தல் படங்களை மொத்தமாக அனுப்பினான். வழக்கம்போலத் திருப்பி அனுப்பினாள். அவன் கோபத்தில் மறுபடி மறுபடி அனுப்ப, இவளும் சளைக்காமல் திருப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் ஒரு மடல் எழுதினான். மூங்கிலை எப்படி வளைத்திருக்கிறார்கள், களிமண் முகத்தில் வர்ணம் எங்கே இன்னும் காயாமல் இருக்கிறது, வரிசையில் நிற்பவர்கள் செருப்பை எங்கே விட்டார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து எத்தனையோ பூஜைக்குப் போயிருக்கிறேன். மத்தளத்தையும் கூட்டத்தையும் சாம்பிராணியையும் தவிர எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. அந்த மடலை மூன்று முறை படிக்க வைத்துக் கேட்டேன். அந்தத் தம்பி அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் எழுதினான். படம் அனுப்புவதை விட்டுவிட்டான்.

இனி சங்கத்தின் அந்த ஆண்டு விழா. அங்கே இருந்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். ஆனால் நடந்ததைப் பலவிதமாகச் சொல்கிறார்கள், ஆகவே எழுதிவிடுகிறேன்.

மடற்குழுவின் முகவரி சங்கத்தின் பெயரில் இருந்தது. புதிதாக வந்த நிர்வாகக் குழு, இந்தக் காலத்தில் மின்னஞ்சலை யார் படிக்கிறார்கள், எல்லாம் வாட்ஸ்அப்பிலேயே பேசிக்கொள்ளலாம், பேசி அனுப்பினால் பெரியவர்களுக்கும் சுலபம் என்று முடிவு செய்தது. முடிவெடுத்த கூட்டத்துக்குக் கோமதியை யாரும் கூப்பிடவில்லை. விழா அழைப்பிதழ் வந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. மடற்குழுவுக்கு விடை கொடுத்து, அதை இத்தனை காலம் நடத்திய கோமதிக்குப் பொன்னாடை என்று அதில் போட்டிருந்தது. போகப்போகிறாயா என்று எழுதிக் கேட்டேன். போகாமல் எப்படி என்று பதில் எழுதினாள்.

அரங்கத்தில் நான் முன்வரிசையில் இருந்தேன். அவளைப் பற்றி நல்ல நல்ல வார்த்தைகள் சொன்னார்கள். குறையை வென்ற சாதனை, தன்னம்பிக்கை, நமக்கெல்லாம் ஊக்கம் என்றார்கள். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் போய்ச் சேரவில்லை. திரை இல்லை, எழுதிக் காட்ட ஆள் இல்லை. பிறகு மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் நேராக மைக் இருந்த இடத்துக்குப் போயிருக்கிறாள். அவள் குரல் அரங்கம் முழுக்க அதிர்ந்தது. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. என் பின்னால் நாற்காலிகள் நெளிந்தன. யாரோ ஒருவர் ‘பாவம்’ என்றார். அவள் நிறுத்தியதும் வேங்கடேசன் மைக்கை வாங்கினார்.

“சகோதரி நம்ம எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க,” என்றார். பெரிய கைதட்டல்.

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு விளங்கியிருக்காது; விளங்காத இடத்தில் நல்லதாக ஒன்றைப் போட்டு நிரப்பினார். நம்மில் பலர் அவளிடம் செய்தது அதைத்தான். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது. எழுந்து நின்றேன்.

“அவங்க நன்றி சொல்லல,” என்றேன். கைதட்டல் அடங்கவில்லை. கைத்தடியால் தரையில் தட்டிவிட்டு மறுபடி சொன்னேன். அரங்கம் அமைதியானது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே, ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னேன்.

“சால்வை போத்த வாரிய, குழுவை மூடுதிய. ரெண்டையும் ஒரே மேடையில செய்யாதிய. இது நீங்க எனக்குக் குடுத்த வேலை இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. முகவரி உங்களுது, எடுத்துக்கோங்க. குழு எங்களுது. அது நடக்கும்.”

யாரும் கைதட்டவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தொட்டாள். சால்வை மேடையிலேயே இருந்தது. வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது, நான் எழுந்து பேசியது எப்படித் தெரிந்தது என்று போனில் தட்டிக் கேட்டேன். எல்லோரும் சிரித்த முகமாகக் கைதட்டியதைப் பார்த்ததுமே தான் சொன்னது போய்ச் சேரவில்லை என்று புரிந்துவிட்டதாம். இன்னொரு முறை சொல்லலாம் என்று மைக்கை நோக்கிக் கை நீட்டியபோது அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியதாம். “அப்புறம் ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல. சரி, நீ சரியாத்தான் சொல்லுதன்னு விட்டுட்டேன்,” என்றாள்.

அவள் சொன்னபடி செய்தாள். ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, பழைய மடல்களையெல்லாம் அங்கே கொண்டுபோய், புது முகவரியில் குழுவைத் தொடங்கினாள். வெற்றிக் கதையாக இதைச் சொல்ல முடியாது. பழைய ஆட்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. வாட்ஸ்அப்பில்தான் கலகலப்பு. எங்களிடம் சில நாட்களில் ஒரு மடல்கூட வராது. ஆனால் வந்தவர்கள் நிலைத்து நின்றார்கள். காது கேளாதவர்கள், என்னைப் போன்றவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கையால் மட்டும் தட்டும் ஒரு முன்னாள் துறைமுக ஊழியர், பேச்சு திக்குவதால் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காமல் மடலில் மட்டும் வெளுத்து வாங்கும் ஓர் ஆசிரியை. யாருமே வரவில்லை என்றால் மூடிவிடுவாயா என்று ஒருமுறை கேட்டேன். நீ எழுதுவாய், நான் படிப்பேன், ரெண்டு பேர் இருந்தால் குழுதான் என்றாள்.

போன வருஷம் அவளுக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குச் சில தடவை நானும் கூடப் போனேன். வெளிநோயாளிப் பிரிவில் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவார்கள். நான் போகாத ஒரு நாள், அவள் பெயரைக் கூப்பிட்டதே தெரியாமல் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அடுத்த முறை நான் இருந்தேன். “கோமோதி” என்று வங்காள வாயில் கூப்பிட்டது கேட்டு அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும், நேராகக் கௌண்டருக்குப் போய், நம்பரை எழுதிக் காட்ட ஒரு பலகை வைக்க வேண்டும் என்று வங்காளத்தில் எழுதி நீட்டினாள். அங்கே இருந்தவர், அதுதான் கூட வந்த தீதிக்குக் கேட்டுவிட்டதே, உங்களுக்குத்தான் ஆள் இருக்கிறதே என்றார். அதை நான் அவளுடைய போனில் தட்டிக் காட்டிவிட்டு, இன்றைக்குத்தான் பார்த்தாயிற்றே, பரவாயில்லை, போகலாம் வா என்று சேர்த்துத் தட்டினேன்.

அவள் நடக்காமல் நின்றுவிட்டாள்.

“யாருக்குப் பரவால்ல?” என்றாள். “உனக்கா, எனக்கா? அந்த ஆளுக்குத்தான் பரவால்ல. நாம பரவால்லன்னு சொல்லச் சொல்ல அவங்களுக்கு வேலை மிச்சம். உனக்கு நெஜமாவே பரவால்லன்னா சொல்லு. இல்லாட்டி அந்த வார்த்தையை என் முன்னால சொல்லாத.”

மூச்சு வாங்கிக்கொண்டுதான் இதைச் சொன்னாள். மறுபடி கௌண்டருக்குப் போய் அதே காகிதத்தை நீட்டினாள். பலகை கடைசிவரை வரவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் அந்தக் காகிதத்தைக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் மடிக்கணினியை விடவில்லை. மென்பொருளின் புதுப் பதிப்புக்குப் பக்கங்களைத் தயார்செய்துகொண்டிருந்தாள். ஏற்றும் வேலை மட்டும் மிச்சம் இருந்தது. காரியம் முடிந்த அன்று அவள் அண்ணன், இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை என்னம்மா செய்யறது, நிறுத்திடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்பை ஏற்றினேன். மதியம் முழுக்கக் குழு படுத்துவிட்டது. ஒரு கோப்பைத் தவறான இடத்தில் வைத்திருந்தேன். சாயங்காலம் எழுந்துகொண்டது. ஒவ்வொரு பட்டனும் தன் பெயரைச் சொன்னது.

சங்கம் அவளுக்கு இரங்கல் கூட்டம் வைப்பதாக இருந்தது உங்களுக்குத் தெரியும். அது ஏன் நடக்கவில்லை என்று பலர் கேட்கிறீர்கள். வேங்கடேசன் எனக்குப் போன் செய்தார். மண்டபம் பேசியாயிற்று, படம் பெரிதாக்கியாயிற்று, நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்றார். கோமதியின் காது கேளாத சிநேகிதர்கள் வருவார்கள், பேசப் பேச யாராவது தட்டச்சு செய்து திரையில் காட்ட வேண்டும் என்றேன். இவ்வளவு சீக்கிரத்தில் அதற்கு ஏற்பாடு செய்ய முடியாது என்றார். அவர்கள் வந்து உட்காரட்டும், பூப்போடட்டும், மனசுதானே முக்கியம் என்றார். பிறகு மிகவும் அன்பாக, “பரவாயில்லதானே, சரோஜா?” என்று கேட்டார்.

என் வாழ்க்கை முழுக்க அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில் ஒன்றுதான். அது நாக்கு நுனிவரை வந்தது.

“இல்லைங்க. பரவாயில்லைன்னு என்னால சொல்ல முடியாது,” என்றேன்.

அப்படியென்றால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். தள்ளி வையுங்கள் என்றேன். செத்துப்போனவளை வைத்துக்கொண்டு நான் தகராறு செய்கிறேன் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். ஆமாம், செய்கிறேன். திரையும் தட்டச்சு செய்ய ஆளும் இல்லாமல் கோமதியின் பெயரில் ஒரு கூட்டம் நடக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவளுடைய சர்வரும் பழைய மடல்களும் நம் எல்லோருக்கும் பொது. எனக்கென்று அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். பரவாயில்லை என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது.